நாலு கூடை மாம்பழமும் நஸ்ருதீனின் ஏரோப்ளேனும்

காரைக்காலில் ஆசைக்குப் பஞ்சம் கிடையாது. ஒருவருக்கு மாடிக்கு மேல் இன்னொரு மாடி கட்ட வேண்டும், ஒருவருக்கு மகனைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும், இன்னொருவருக்குப் போன மகனைத் திரும்ப வரவழைக்க வேண்டும். எலக்ட்ரிக் கடை நஸ்ருதீனுக்கு ஏரோப்ளேன் ஓட்ட வேண்டும். சிரிக்காதீர்கள். ஊரே சிரித்து முடித்துவிட்டது.

மனுஷர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினேழு வருஷம் மூட்டை ஏற்றியவர். விமானத்தின் வயிற்றுக்குள் மண்டியிட்டு, அடுத்தவர் பெட்டிகளை அடுக்கி, வலை போட்டு, பட்டையை இழுத்துக் கட்டுவதுதான் வேலை. அவர் கட்டிய மூட்டை நடுவானில் ஓர் அங்குலம் நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பதினேழு வருஷம் வயிற்றுக்குள் கிடந்தவர் ஒரு நாளாவது தலைப்பக்கம் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுவாரா மாட்டாரா, நீங்களே சொல்லுங்கள்.

மகள் மர்யமைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியபோது வயது நாற்பத்தைந்து. கடையைத் திறந்தார். அதோடு நிற்காமல் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு மேற்கே, உப்புப் பூத்த தரிசில் ஒரு ஃபிளையிங் கிளப் போட்டிருந்த சின்ன ஓடுதளத்திலும் போய்ச் சேர்ந்தார். கிளப்பிடம் இருந்தது நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று. பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறி, சொந்த ஆசைக்கு ஓட்டிக்கொள்ளும் லைசன்ஸையும் வாங்கிவிட்டார். மேலேயிருந்து ஊரைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம் என்பார். துறைமுகத்து நிலக்கரிக் குவியல் கறுப்பாகத் தெரியுமாம், அதற்குக் கொஞ்சம் வடக்கே பார்த்தால் சொந்த வீடாம்.

எதிர்வீட்டு அம்பலவாணன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் முப்பது வருஷம் ரப்பர் ஸ்டாம்பு குத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "என்ன நசுரு, திருநள்ளாறுக்கு ஒரு டிக்கெட் கெடைக்குமா? பஸ்சுல நிக்க முடியல" என்று தினமும் காலையில் ஒன்று விடுவார். நஸ்ருதீனும் "ஸ்டாண்டிங்தான் இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டுக்குள் இருந்த வாய்தான் அவருக்குக் கவலை. லைசன்ஸ் வந்த அன்றிலிருந்து மனைவி சஜிதா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது பேசாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"உங்களுக்கு என்ன கொறைச்சல்? கடை இருக்கு, வீடு இருக்கு, இந்த வயசுல சுகர்கூட இல்ல. அல்லா குடுத்த ரெண்டு காலு தரையில நிக்கத்தானே? நீங்க மேல போற ஒவ்வொரு நாளும் நான் இங்க அடுப்புல என்ன வச்சேன்னே தெரியாம நிக்கிறேன். எனக்குப் பயமா இருக்குங்க. அவ்வளவுதான்."

பயம் என்று அவள் இருபத்து நாலு வருஷத்தில் சொன்னதில்லை. கடைசியில் அவளே ஒரு நிபந்தனை வைத்தாள். ஒரே ஒரு தடவை கூட வருவாள். வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வாள். வேண்டாம் என்றால் லைசன்ஸ் பீரோவுக்குள் போய்விட வேண்டும், மறுபேச்சு கிடையாது. நஸ்ருதீன் சரி என்றார். வாக்குக் கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டார்.

சேலத்தில் இருக்கும் அவள் தங்கை ஷரீபுன்னிசா புதுவீடு கட்டிக் குடிபோயிருந்தாள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவது என்று ஏற்பாடு. தேதிதான் வில்லங்கமாக அமைந்தது. மறுநாள் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா.

ஆனிப் பௌர்ணமி அன்று பிச்சாண்டவர் கோலத்துச் சிவனின் சப்பரம் வீதிவலம் வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே ஜனம் முந்தானையையும் துண்டையும் ஏந்திக்கொண்டு நிற்கும். பழம் மடியில் விழுந்தால் பிள்ளைப் பேறு என்பது நம்பிக்கை. அம்பலவாணனின் சம்சாரம் கல்யாணசுந்தரி இரண்டு வருஷத்துக்கு முன் மகளோடு கீழே நின்று ஏந்தியவர். இந்த வருஷம் மாடியில் நின்று இறைக்க வேண்டியவர்.

"ஒம்பது வருஷம் கழிச்சு எம்மவளுக்கு ஒரு புள்ள தம்பி. நூத்தியெட்டுப் பழம் இறைக்கிறதா வேண்டிக்கிட்டேன். சேலம்தானே போறீங்க? ஒரு கூடை நல்ல பழமா வாங்கிட்டு வந்தா அம்மையாருக்கும் மனசு குளுந்துடும்."

"ஒரு கூடை என்னக்கா, நாலு கூடை கொண்டாறேன்" என்றார் நஸ்ருதீன். வாய் சும்மா இருக்குமா? இதைக் கேட்ட அம்பலவாணனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. 'வானத்தில் வரும் மாங்கனியே வருக வருக' என்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடித்துவிட்டார். அவர் திரும்பும் நேரத்துக்குத் தெருவோடு திரண்டு ஓடுதளத்துக்கு வந்து நிற்பதாகவும் முடிவாயிற்று.

போகும்போது ஒரு குறையும் இல்லை. காவிரியைப் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். சஜிதா கும்பகோணம் வரை கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தாள். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள். சேலம் வந்தபோது "அது என்ன ஏரி?" என்று கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். நஸ்ருதீனுக்கு உள்ளுக்குள் பாதி ஜெயித்த சந்தோஷம்.

பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஷரீபுன்னிசா விடுவாளா? "புது வூட்டுல கை நனைக்காம வாசப்படி தாண்டுனா நான் என்னன்னு நெனைக்கிறது மச்சான்?" என்று கண்ணைக் கசக்கினாள். பிரியாணிக்குத் தம் போட்டு, இறக்கி, சாப்பிட்டு, மாம்பழ மண்டிக்குப் போய்ப் பழம் பொறுக்கி முடித்தபோது மணி மூன்றாகிவிட்டது. கிளம்பும் முன் நஸ்ருதீன் வானிலையை மறுபடி கேட்டார். வழி தெளிவு, அங்கங்கே கொஞ்சம் மேகம், அவ்வளவுதான் என்றார்கள்.

இப்போதுதான் அவர் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். நாலு கூடையில் இரண்டைப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வைத்தார், இரண்டைப் பின்சீட்டில். வலையைப் போட்டு, பழகிய கையாலே பட்டையை ஒரு இழுப்பு இழுத்தார். மேலே இருந்த பழம் நசுங்கியது. உடனே மனசு கேட்கவில்லை. வேண்டுதல் பழம். மாடியிலிருந்து விழுகிற பழத்தில் ஏற்கெனவே காயம் இருக்கலாமா? ஏந்துகிறவள் மனசு என்ன பாடுபடும்? பட்டையைத் தளர்த்தி, மேலே ஒரு துண்டை மட்டும் பதமாக மூடிவிட்டார். பதினேழு வருஷம் கண்டவன் பெட்டியை எல்லாம் இரும்பாகக் கட்டியவர், தன் தெருக்காரர்களின் பழத்தைக் கட்டாமல் விட்டார். இந்தத் தப்பைக் காரைக்கால்காரரைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

திருச்சியைத் தாண்டும்போது கிழக்கே சின்னதாக, வெள்ளையாக ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் வருவதற்குள் அது ஆளே மாறிவிட்டது. பக்கத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு மேலே மேலே ஏறி, அடிப்பக்கம் கருத்து, கும்பகோணத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கீழே மழை திரை போட்டுத் தொங்கியது. உள்ளே ஒரு மின்னல். கடல்காற்றும் மேல்காற்றும் முட்டிக்கொண்டால் டெல்டாவில் இப்படித்தான், அரைமணி நேரத்தில் வானம் வேறாகிவிடும்.

தென்புறத்தில் மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. அந்த வழியாகப் பார்த்தால் திருவாரூர்ப் பக்கத்து வயல்களில் பளிச்சென்று வெயில். அதற்குள் நுழைந்துவிட்டால் பன்னிரண்டு நிமிஷத்தில் நிலக்கரிக் குவியல் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இந்தப் பக்கம் தெரு முழுக்க நின்றுகொண்டிருக்கும். பேனர். அம்பலவாணனின் பல். கல்யாணசுந்தரியக்காவின் கூப்பிய கை. நஸ்ருதீனுக்கு உள்ளங்கை அரித்தது. போய்விடலாம் போலத்தான் இருந்தது. கட்டாயம் போய்விடலாம்.

சஜிதாவைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னது அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உங்க கழுத்து இப்புடி வேர்க்குது?"

அவர் மறுபடி இடைவெளியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முன்பு அகலமாக இருந்தது, இப்போது இரண்டு பக்கமும் சாம்பல் படர்ந்து சன்னலளவு ஆகியிருந்தது. உள்ளே போன பிறகு அது மூடிக்கொண்டால் முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. மேகத்துக்குள் மேல் எது கீழ் எது என்று கண்டுபிடிக்கும் படிப்பும் அவருக்கு இல்லை. இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை மட்டும் அந்த வெளிச்சத்தின் பக்கமே இழுத்தது. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, ஒரே ஒரு நாள் இந்த வானம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அழுகைகூட வந்தது.

"மழ மேகம் சஜிதா. பெருசு. ஓரமாப் பூந்து போலாம்னு தோணுது, ஆனா அது நமக்குத் தாங்காது. திருச்சிக்கே திரும்பப் போறேன்."

சொல்லிவிட்டு விமானத்தைத் திருப்பினார். ரேடியோவில் திருச்சியைக் கூப்பிட்டு, வானிலை மோசம், திரும்பி வருகிறேன், இறங்க இடம் வேண்டும் என்றார். கன்ட்ரோல் டவரில் ஒரு பெண்குரல் காப்பி குடித்துக்கொண்டே பேசுவதுபோல நிதானமாக வழி சொன்னது.

பாதி திரும்பியிருக்கும்போதே மேகத்திலிருந்து கிளம்பிய காற்று வந்து ஓர் அறை அறைந்தது. விமானம் பொத்தென்று விழுந்து, மறுபடி எகிறியது. பின்னால் துண்டும் போயிற்று, கூடையும் போயிற்று. மாம்பழங்கள் கிளம்பிவிட்டன ஐயா! ஒன்று கூரையில் மோதியது. ஒன்று நஸ்ருதீனின் பிடரியில் விழுந்தது. ஒன்று சஜிதாவின் மடியில் வந்து உட்கார்ந்தது.

"யா அல்லா! எனக்கு எதுக்கு இப்ப மடியில பழம்? இந்த வயசுலயா?" என்று அலறினாள் சஜிதா. அந்த நிலைமையிலும் நஸ்ருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். இப்படிக் காற்றடிக்கும்போது உயரம் கூடினால் கூடட்டும், குறைந்தால் குறையட்டும், இறக்கையை மட்டும் மட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். மல்லுக்கட்டினால் விமானத்துக்குத்தான் வலி. பத்து நிமிஷம் ஆட்டியெடுத்துவிட்டுக் காற்று கொஞ்சம் விட்டது. திருச்சிப் பக்கம் வெயில் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள் சஜிதா.

அவசரப்பட்டுவிட்டாள். இறங்குவதற்காக மூக்கைத் தாழ்த்தியதும், தரையில் கிடந்த பழமெல்லாம் சீட்டுக்கு அடியில் முன்பக்கம் உருண்டு வந்தது. நஸ்ருதீன் காலால் வலது பெடலை மிதித்தார். பெடல் பாதியில் நின்றது. மறுபடி மிதித்தார். நகரவில்லை. ரன்வேயில் இடப்பக்கமிருந்து குறுக்குக் காற்று என்று டவர் அப்போதுதான் சொல்லியிருந்தது. அந்தக் காற்றில் மூக்கை நேராக்கி இறங்க வேண்டுமானால் வலது பெடல் முழுசாக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகத் தரையைத் தொடும், அப்புறம் விமானம் எந்தப் பக்கம் போகும் என்பது விமானத்தின் இஷ்டம்.

இந்தத் தடவை அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை. "சஜிதா, பெடல்ல பழம் மாட்டிக்கிச்சு. எடுக்காட்டி எறங்குறது கஷ்டம். என் பக்கம் ஒண்ணும் தெரியல. ரெண்டு பக்கத்துப் பெடலும் ஒண்ணோட ஒண்ணு சேந்தது, உன் கால்கிட்டதான் இருக்கணும். குனிஞ்சு பாக்குறியா?"

ஏறும்போதே அந்தப் பெடல்பக்கம் காலை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அவள் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தாள். உடனே பெல்ட்டைக் கழற்றினாள். சீட்டைப் பின்னால் தள்ளி, முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைகீழாகக் குனிந்தாள்.

"இருக்கு. வலது பெடலுக்கு அந்தண்டை சொருகிக்கிட்டு நிக்குது. கெட்டிப் பழம், வரமாட்டேங்குது."

"இடது பெடல மிதிக்கிறேன், அது உன் பக்கம் வரும். வந்ததும் இழு."

மிதித்தார். விமானம் இடப்பக்கம் முகத்தைத் திருப்பியது. சஜிதா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பழம் பிதுங்கி, தோல் கிழிந்து, கொட்டையோடு கையில் வந்தது. "இன்னும் இருக்கா பாரு" என்றார். இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் பொறுக்கிப் பின்னால் எறிந்துவிட்டு, முழங்கை வரை சாறு வழிய நிமிர்ந்து பெல்ட்டைப் போட்டாள். வலது பெடல் கடைசி வரை போயிற்று. நஸ்ருதீன் ஒரு சக்கரம் தொட்டு, மறு சக்கரம் தொட்டு, மூக்கை மெல்ல இறக்கினார். லைசன்ஸ் பரீட்சையில்கூட அவ்வளவு சுத்தமாக இறக்கியதில்லை.

இறங்கிய பத்தாவது நிமிஷம் திருச்சியிலும் மழை பிடித்துக்கொண்டது. போனில் முப்பத்தொரு அழைப்பு. திருப்பிப் பேசினால், எடுத்ததும் அம்பலவாணன் கத்தினார். "எங்கய்யா இருக்கே? இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது! பேனர் பிச்சிக்கிட்டு கடலுக்கே போயிடுச்சு!" நஸ்ருதீன் விஷயத்தைச் சொன்னார். அக்கா போனை வாங்கி, "பழம் கெடக்குது தம்பி, நீங்க ரெண்டு பேரும் வந்து சேருங்க" என்று அழுதார். விமானத்தை அங்கேயே கட்டிவைத்துவிட்டு, கூடைகளை ஒரு வாடகைக் காரில் ஏற்றினார்கள். இந்த முறை கயிற்றை இழுத்துக் கட்டினார். வழி நெடுக சஜிதா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. நஸ்ருதீனும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? லைசன்ஸைப் பீரோவில் எந்தத் தட்டில் வைப்பாள் என்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டார். இரண்டு வருஷப் படிப்பும் அந்தக் காருக்குள் நெஞ்சில் கனத்தது.

மறுநாள் கல்யாணசுந்தரி வீட்டு மாடியில் நிற்க இடமில்லை. பொறுக்கி எடுத்ததில் நூற்றெட்டுப் பழம் காயமில்லாமல் தேறிவிட்டது. சப்பரம் தெருமுனை திரும்பியது. கீழே கடலாக ஜனம். அக்கா கையிலும் மகள் கையிலும் பழம். பேரன் தாத்தாவின் இடுப்பில். அப்படி இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டும் அம்பலவாணனுக்கு வாய் அடங்கவில்லை.

"என்ன நசுரு, கார்ல வந்த பழத்தப் போய்ப் பறந்து வந்த பழம்னு எப்புடிய்யா இறைக்கிறது? ஒரு மழைக்குப் பாதி வழியில திரும்பிட்டியே! கருக்களாச்சேரியில மீன் புடிக்கிற ஆளுங்க சின்னப் படகுலயே இதைவிடப் பெரிய காத்தெல்லாம் தாண்டி வர்றாங்க!"

மாடியே சிரித்தது. நஸ்ருதீனும் சிரிக்க முயன்றார். முடியவில்லை. தலை தானாகக் குனிந்துகொண்டது.

சஜிதா பழத்தட்டோடு நின்றிருந்தாள். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "கருக்களாச்சேரி ஆளுங்களையே கேட்டுப் பாருங்க அண்ணே" என்றாள். "காத்தப் பாத்துத் திரும்புனவங்கதான் இன்னிக்குக் கரையில ஒக்காந்து கதை சொல்லிக்கிட்டு இருக்காங்க. திரும்பாதவங்க பேருக்கு வருஷா வருஷம் படையல்தான் வைக்கிறாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. அம்பலவாணன் பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அதுவும் சரிதாம்மா" என்றார் மெதுவாக. அதற்குள் சப்பரம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா முதல் பழத்தை எறிந்தார். எல்லோரும் கைப்பிடிச்சுவர்ப் பக்கம் ஓடினார்கள். பின்னால் இவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"நேத்து அந்த வெளிச்சத்துக்குள்ள நீங்க போயிருந்தீங்கன்னா" என்றாள் சஜிதா, "நல்லபடியா வூடு வந்து சேந்திருந்தாக்கூட இன்னிக்கு வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஊரே நின்னு பாத்துக்கிட்டு இருக்கயில நீங்க திரும்புனீங்க. எனக்கு அது போதும். ஆனா நான் கூட இருந்ததாலதான் திரும்புனீங்களோன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல. நான் பக்கத்துல இல்லாத அன்னிக்கும் இப்புடித் திரும்புவீங்களா?"

நஸ்ருதீன் நேற்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து உள்ளங்கை அரித்ததை நினைத்துப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சஜிதா" என்றார். "ஆனா திரும்புவேன்." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. சஜிதா முக்காட்டுத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள்.

"அப்ப சரி" என்றாள். "போயிட்டு வாங்க."